நெஸ்ரோமோல்ட் ரின்னுக்குள் கிடந்த ரெசிஸ்ரர்கள்

தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் ஒரு சின்ன எல்ஈடி எரிய வேண்டும். திட்டம் அவ்வளவுதான். 12 வோல்ற் சோலர் பற்றரி வீட்டில் இருக்கிறது, சுவிச்சுப்போல வேலை செய்யும் ரான்சிஸ்ரரும் இருக்கிறது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்ரருக்கும் பஞ்சமில்லை. பழைய ரிவி, ரேடியோ, சார்ஜர் என்று அகப்பட்ட போர்ட்டுகளில் இருந்து கழற்றியது ஒரு நெஸ்ரோமோல்ட் ரின் நிறையக் கிடக்கிறது. எது எத்தனை ஓம், அதாவது மின்னை எவ்வளவு தடுக்கும் என்பதுதான் தெரியாது. பரந்தனில் இருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறினால் புதிதாக வாங்கலாம்தான். ஆனால் ரின்னைப் பார்க்கும் போதெல்லாம் எரிச்சலாக இருந்தது. தரம் பிரித்தே தீருவது என்று இறங்கினேன்.

ரெசிஸ்ரரின் உடம்பில் உள்ள நிற வளையங்கள்தான் அது எத்தனை ஓம் என்று சொல்லும். நிற ஒழுங்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கறுப்பு 0, கபிலம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. சோதனை முடிந்த கையோடு மறந்து போனது. இப்போது நானே ஒரு வசனம் கட்டிக்கொண்டேன்: "கடையில கண்ட சிவத்தச் செருப்பு மழையில பழுது; நீ ஊருக்குச் சாரத்தோட வெளிக்கிடு." ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் வரிசைப்படி ஒரு நிறம். அர்த்தம் கேட்காதீர்கள், மறக்காது.

நாலு வளையம் என்றால் முதல் இரண்டும் இலக்கம், மூன்றாவது எத்தனை பூச்சியம், நாலாவது எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது. மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன் என்றால் 47க்குப் பின்னால் இரண்டு பூச்சியம், 4700 ஓம். பொன் நிறம் 5 வீதம். ஆகவே 4465க்கும் 4935க்கும் இடையில் எங்கே நின்றாலும் அது நல்ல ரெசிஸ்ரர்தான். வெள்ளி 10 வீதம். மூன்றாவது இடத்தில் பொன் வந்தால் பத்தால் வகுக்க வேண்டும், வெள்ளி வந்தால் நூறால்.

உண்மையான தொல்லை கண்ணில்தான். சிவப்பு, செம்மஞ்சள், கபிலம் மூன்றும் இரவில் மஞ்சள் குண்டு பல்ப்புக்குக் கீழே ஒரே குடும்பம் ஆகிவிடுகின்றன. போதாக்குறைக்கு எங்கள் பக்கத்துக் கிறவல் ரோட்டுப் புழுதி. ஆண்டுக்கணக்காகத் திறந்து கிடந்த ரிவி போர்ட்டில் செம்மண் படிந்து, மஞ்சள் வளையம் செம்மஞ்சளாகவே காட்சி தரும். ஈரத்துணியால் ஒருக்கால் துடைத்தால் 3 என்று நினைத்தது 4 ஆகிறது. மூன்றாவது வளையத்தில் இது நடந்தால் பெறுமானமே பத்து மடங்கு மாறிவிடும்.

பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். "உந்த லைற்றுக்குக் கீழ வச்சு நிறம் பாக்காத தம்பி. விடியட்டும், முத்தத்துக்குக் கொண்டா." அவர் யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது ரேடியோ திருத்தியவர். பற்றரி வன்னிக்குள் வராத நாட்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறை. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின், ரேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி, அதனால் ஒரு பக்கம் மட்டும் மின்னை விடும் டயோட் நடுவில் வேண்டும். அதையும் வேறொரு செட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். "ஒரு ரேடியோவச் சாக்கொண்டுதான் மற்றதை எழுப்பினனாங்கள்" என்பார். நான் இலக்கத்தை எழுதிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருக்க, அவர் ஆளைக் கண்டு பேர் சொல்வதுபோல் "நாலு தசம் ஏழு கே, பத்து கே, இருநூற்றி இருபது" என்று சொல்லிக்கொண்டே போகிறார். கே என்றால் கிலோ ஓம், ஆயிரம் ஓம்.

அவரால் அது எப்படி முடிகிறது என்று யோசித்தபோதுதான் வேலை இலேசானது. ரெசிஸ்ரர் எல்லா எண்ணிலும் வருவதில்லை. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஈ12 வரிசை என்கிற இந்தப் பன்னிரண்டும், இவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்குகளும்தான் பழைய போர்ட்டுகளில் பெரும்பாலும் கிடைக்கின்றன. எண்கள் ஏனோதானோ என்று தெரிவு செய்தவை அல்ல. 27இல் 10 வீதம் கூட்டினால் 29.7. 33இல் 10 வீதம் கழித்தாலும் 29.7. ஒன்றின் எல்லை முடியும் இடத்தில் ஏறக்குறைய அடுத்தது தொடங்குகிறது, பெரிய இடைவெளி விழாது. 5 வீதத்துக்கு இதையே 24 எண்களாக நெருக்கியிருக்கிறார்கள்.

இதைத் தெரிந்து வைத்திருப்பது நிறப் பட்டியலை விடப் பெரிய உதவி என்பது என் எண்ணம். ரின்னில் ஒன்று செம்மஞ்சள், சிவப்பு என்று கண்ணுக்குப் பட்டது. அப்படியானால் 32. பொன் வளையம் போட்ட ரெசிஸ்ரரில் 32 என்று ஒன்று கிடையாது, 24 எண் வரிசையிலும் இல்லை. முற்றத்து வெயிலில் பிடித்தால் இரண்டுமே சிவப்பு, 22. வரிசையில் இல்லாத எண் வந்தால் கண்ணைச் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகம் வராத ஆள் பட்டியலைத் தலைகீழாகச் சொன்னாலும் பிரயோசனமில்லை.

நீல உடம்புக்காரர்கள் வேறு சாதி. ஐந்து வளையம், மூன்று இலக்கம், பெரும்பாலும் 1 வீதம். ஒரு வீத வரிசையில் 96 எண்கள் இருப்பதால் மேலே சொன்ன வடிகட்டி அவ்வளவாகப் பிடிக்காது. அதைவிட மோசம், 1 வீதத்தைக் குறிக்கும் கடைசி வளையமும் கபிலம், 1 என்ற இலக்கமும் கபிலம். எந்தப் பக்கத்தில் இருந்து வாசிப்பது? கபிலம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, கபிலம் என்றால் 100க்குப் பின் இரண்டு பூச்சியம், 10 கிலோ ஓம். அதையே திருப்பிப் பிடித்தால் கபிலம், சிவப்பு, கறுப்பு, கறுப்பு, கபிலம்: 120 ஓம். இரண்டும் நியாயமான பெறுமானம். 12 வோல்ற் பற்றரியில் 2 வோல்ற் எல்ஈடிக்கு முன்னால் 10 கிலோ ஓம் போட்டால் ஓடுவது 1 மில்லி அம்பியர். 120 ஓம் போட்டால் 83. சாதாரண எல்ஈடி தாங்குவது 20 அளவு. கால் வாற் ரெசிஸ்ரரும் சேர்ந்து கருகும், அதில் 0.83 வாற் வெப்பம் இறங்கும்.

கடைசி வளையம் மற்றவற்றில் இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று சொல்வார்கள். மலிவுச் சரக்கில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இந்த இடத்தில் வீம்பு பிடிக்காமல் ஓம் அளக்கும் மல்ரிமீற்றரை எடுப்பதே புத்தி.

மீற்றருக்கும் சில பழக்கங்கள் உண்டு. போர்ட்டில் இருக்கிறபடியே அளந்தால் பக்கத்து வழிகளாலும் மின் ஓடுவதால், காட்டுவது உண்மையை விடக் குறைவாகவே இருக்கும். ரெசிஸ்ரரின் இரண்டு கால்களில் ஒன்றையாவது சோல்டர் உருக்கித் தூக்கிவிட வேண்டும். கழற்றியதை அளக்கும்போது இரண்டு முனையையும் விரலால் அழுத்தக் கூடாது. சிறிய பெறுமானத்தில் தெரியாது, 1 மெகா ஓமில், அதாவது பத்து லட்சம் ஓமில், உடம்பும் பக்கவழி ஆகி வாசிப்பை இறக்கிவிடும். வியர்த்த கை என்றால் இன்னும் மோசம்.

சூடேறிக் கறுத்தவை சிலவற்றின் நிறத்தை நம்ப முடியாது, சிவப்பும் கபிலமாகப் போயிருக்கும். அவற்றை அளந்தும் பார்க்காமல் எறிந்துவிட்டேன், ஒரு ரூபாய்ச் சாமானுக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். நடுவில் ஒரேயொரு கறுப்பு வளையத்தோடு சில இருந்தன. அவை 0 ஓம், போர்ட்டில் பாலம் போடுவதற்கு. அவற்றை எறியவில்லை.

இப்போதைய நிலைமை: ஈ12 எண் எழுதிய பழைய மருந்துக் கவர்களில் நாலு வளையக்காரர் எல்லாம் போய்விட்டார்கள். நீலக்காரர் பாதி, மீற்றரோடு போய்க்கொண்டிருக்கிறது. எல்ஈடிக்கு 1 கிலோ ஓம் எடுத்து வைத்துவிட்டேன், 10 மில்லி அம்பியர் ஓடும், பகலிலும் போதுமாகத் தெரிகிறது. ரான்சிஸ்ரரைத் திறந்து மூடும் பேஸ் என்ற காலுக்கு 10 கிலோ ஓம், அதுவும் பொன் வளையம் போட்டதாகப் பார்த்து எடுத்தேன். இனித் தண்ணீர் முட்டியதை அறியத் தாங்கிக்குள் இறக்குகிற இரண்டு கம்பிக்கும் துருப்பிடிக்காத ஏதாவது தேட வேண்டும். பெரியப்பா சைக்கிள் கம்பி காணும் என்கிறார், எனக்கு இன்னும் சம்மதமில்லை.