ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிய கதை: நியூ ஹேவனில் ஒரு நாள்

ஒன்றரை மைல் தொலைவுகூட இல்லாத ஓட்டத்துக்கு 24 டாலர் வாங்கிய வாடகைக் கார் ஓட்டுநரைப் பற்றி முதலிலேயே எழுதித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த எரிச்சல் கட்டுரை முழுவதும் கசிந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவனின் யூனியன் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. வாசலில் நின்ற முதல் காரில் ஏறி, ஹில்ஹவுஸ் அவென்யூவில் உள்ள செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போகச் சொன்னேன். மீட்டர் ஓடவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தேன். கேட்டதற்கு, "மழை நாளில் இதுதான் கட்டணம், சார்" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அன்றைய முழுச் செலவுக்கும் சேர்த்து நான் ஒதுக்கியிருந்தது 80 டாலர். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் கடைசி நிமிடத்தில் ஓடி ஏறி, வண்டிக்குள்ளேயே பயணச்சீட்டு வாங்கியதால் ஏற்கெனவே கூடுதல் கட்டணம் கொடுத்திருந்தேன். இத்தனைக்கும் நான் வந்த அதே வண்டி இன்னும் ஒரு நிறுத்தம் தாண்டி ஸ்டேட் ஸ்ட்ரீட் வரை போகிறது; அங்கே இறங்கியிருந்தால் தேவாலயத்துக்கு நடந்தே போயிருக்கலாம். இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அந்த ஒரு நிறுத்தத்தை மறக்க வேண்டாம்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். நான் போனதோ ஒரு சகோதரச் சங்கத்தைத் தேடி. 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க ஆண்களின் சங்கம் 1882-இல் இந்த நகரத்தில்தான் பிறந்தது. இன்று அதற்கு 20 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பேஸ்பால் வீரர் பேப் ரூத், குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி, நியூயார்க் ஆளுநராக இருந்த ஆல் ஸ்மித், அமெரிக்கக் கால்பந்தின் முதல் இரண்டு சூப்பர் பௌல் கோப்பைகளையும் வென்ற கிரீன் பே அணியின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி எனப் புகழ்பெற்ற பெயர்கள் பல அதன் உறுப்பினர் வரிசையில் உண்டு. இவ்வளவு வேறுபட்ட மனிதர்களை ஒரே சங்கத்துக்குள் கொண்டுவந்தது எது என்ற கேள்வியுடன்தான் வண்டி ஏறினேன்.

உண்மையில் இந்தப் பயணம் முந்தைய நாளே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கிவிட்டது. பழைய யாங்கி ஸ்டேடியம் இருந்த இடம் இப்போது ஹெரிடேஜ் ஃபீல்ட் என்ற பொது விளையாட்டுத் திடல்; 161-ஆவது தெருவில் சுரங்க ரயிலை விட்டு இறங்கினால் எதிரேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. 1927-இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தபோது ரூத்தின் சொந்த மைதானம் இதுதான்; 1948 ஆகஸ்டில் அவர் இறந்தபோது மக்களின் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்டதும் இங்கேதான். பால்டிமோரில் 7 வயதிலேயே வீட்டாரால் ஒரு தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டு, சேவியரியன் துறவுச் சகோதரர்களிடம் வளர்ந்த பையன் அவர். பாஸ்டன் அணியில் ஆடிக்கொண்டிருந்த 1919-இல், தெற்கு பாஸ்டனின் பெரே மார்க்கெட் கவுன்சிலில் சேர்ந்தார். சங்கத்தின் ஒவ்வொரு கிளைக்கும் 'கவுன்சில்' என்றுதான் பெயர். எனக்கு வியப்பளித்தது வேறொரு செய்தி: அவர் இறந்து 5 ஆண்டுகள் கழித்து, 1953-இல், அந்த ஸ்டேடியம் நின்ற நிலத்தையே இந்தச் சங்கம் 25 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1970-களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் அதைக் கையகப்படுத்தும்வரை, அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டரங்கம் ஒரு கத்தோலிக்கச் சங்கத்தின் மண்ணில்தான் நின்றது.

இனி தேவாலயத்துக்கு வருகிறேன். ஹில்ஹவுஸ் அவென்யூ யேல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய, பணக்காரக் களை இன்னும் மாறாத தெரு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்த பெரிய மனிதர்களுக்கு, ஐரிஷ் தொழிலாளிகளும் வீட்டுவேலைப் பெண்களும் ஞாயிறு தோறும் வந்து குவியும் ஒரு கோவில் தங்கள் தெருவில் எழுந்தது பிடிக்கவில்லை. உயர்குடித் தெருவை ஒரு ரோமன் கத்தோலிக்கக் கட்டடம் களங்கப்படுத்திவிட்டது என்ற பொருள்படும் தலைப்பிட்டு 1879-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடே செய்தி வெளியிட்டது. அந்தக் காலத்தில் இங்கே உதவிப் பங்குத்தந்தையாக இருந்தவர் மைக்கேல் மெக்கிவ்னி. பக்கத்து ஊரான வாட்டர்பரியில், உலோக ஆலைத் தொழிலாளியின் மூத்த மகனாக 1852-இல் பிறந்தவர். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தை இறந்துவிட, தாயையும் தம்பி தங்கையரையும் எண்ணிப் படிப்பையே விட்டுவிடும் நிலைக்கு வந்தவர். குடும்பத் தலைவன் செத்தால் வீடு என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த செய்தி அல்ல.

இந்தக் கோவிலின் அடித்தளத்தில் அவர் கூட்டிய சில ஆண்கள் தொடங்கிய சங்கத்தின் முதல் ஏற்பாடு, கிட்டத்தட்ட மொய் எழுதுவது போன்றது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும். இறந்தவரின் மனைவிக்கு 1,000 டாலர் போய்ச் சேரும். உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியபோது தலைக்குக் கொடுக்க வேண்டிய தொகை குறைந்தது. நோயுற்று வேலைக்குப் போக முடியாதவருக்கு வாரம் 5 டாலர் வரை, 13 வாரங்களுக்குக் கிடைத்தது. வயது வேறுபாடு பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கியதால் இளைஞர்கள் வாழ்நாளில் அதிகம் கட்ட நேர்ந்தது என்ற குறையும் அதில் இருந்தது. அந்த ஒரு டாலர் வசூல்தான் இன்று 10,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆயுள் காப்பீடுகளைக் கையாளும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. மெக்கிவ்னியோ 38 வயது நிறைந்த இரண்டாம் நாள், 1890 ஆகஸ்ட் 14-இல், நிமோனியாவில் இறந்துபோனார். வாட்டர்பரியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், சங்கத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி இங்கே கொண்டுவரப்பட்டது. கோவிலின் பின்பகுதியில் ஒரு கருங்கல் பேழைக்குள் இருக்கிறது. 2020 அக்டோபரில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

நான் போனபோது முழங்கால் மண்டியிட்டிருந்த இரண்டு பெண்களையும், வழிபாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரையும் தவிர யாருமில்லை. அவருடைய கோட்டில் சங்கத்தின் சின்னம் இருந்ததால் தயங்காமல் பேசினேன். உங்கள் சங்கத்தின் புகழ்பெற்ற உறுப்பினர்களைத் தேடி வந்திருக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். "எங்கள் கவுன்சிலில் புகழ்பெற்றவர் ஒருவர்தான், ஐயா. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுப்பவர். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூட்டமே வராது" என்றார். தவக்கால வெள்ளிகளில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்கருக்காக இந்தச் சங்கத்தின் கிளைகள் நடத்தும் மீன் வறுவல் விருந்துகள் அமெரிக்கச் சிற்றூர்களில் பெயர்பெற்றவை. நான் கென்னடியைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவர் மாவில் என்ன கலப்பது என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கென்னடியை விட்டுவிட முடியாது. அவருக்கு முன்னால் ஆல் ஸ்மித்தையும் விட முடியாது. ஸ்மித் சிறு வயதில் நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். 4 முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1928-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, இந்தச் சங்கத்தின் பெயரால் புனையப்பட்ட ஒரு போலி உறுதிமொழி ஊர் ஊராகப் பரப்பப்பட்டது. புராட்டஸ்டன்டுகளை ஒழித்துக்கட்டுவோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்வதாக அதில் இருந்தது. அது புதிய பொய்கூட அல்ல. 1912 தேர்தலிலேயே உலாவி, ஒரு தேர்தல் வழக்கின் சான்றாக 1913-இல் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டில் அச்சாகி, "பாருங்கள், அரசாங்கமே அச்சிட்டிருக்கிறது" என்று காட்டுவதற்கும் வசதியாகிவிட்டது. சங்கத்தார் 1914-இல், தங்களுக்கு எதிரணியாகக் கருதப்பட்ட ஃப்ரீமேசன்கள் என்ற இன்னொரு சகோதரச் சங்கத்தாரில் சிலரையே கலிபோர்னியாவில் அழைத்து, தங்கள் சடங்குகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களும் அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்த மறுப்பும் எடுபடவில்லை. ஸ்மித்தின் தோல்விக்கு அன்றைய பொருளாதாரச் செழிப்பும் அவரது மதுவிலக்கு எதிர்ப்பும் காரணங்கள்தான் என்றாலும், 48 மாநிலங்களில் 40-ஐ எதிர்த்து நின்ற ஹூவரிடம் இழந்ததில் மதத்துக்குப் பங்கில்லை என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

கென்னடி சங்கத்தில் சேர்ந்தது 1946-இல், முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட அதே ஆண்டில். சேர்ந்த இடம் பாஸ்டனின் சார்ல்ஸ்டௌன் பகுதியில் இருந்த பங்கர் ஹில் கவுன்சில். அது அவருடைய தொகுதிக்கு உட்பட்ட பகுதி. பக்தியால் சேர்ந்தாரா, வாக்குக் கணக்கால் சேர்ந்தாரா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதற்கே என் வாக்கு. 1960-இல் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, தன் முடிவுகளை வத்திக்கான் எடுக்காது என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு சங்கத்தின் தலைவர் லூக் ஹார்ட் வெள்ளை மாளிகையில் அவரைச் சந்தித்து, கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954-இல் எப்படிச் சேர்ந்தன என்பதை விளக்கும் சுவரொட்டி ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சொற்களுக்காக முன்னின்று வாதாடியது இந்தச் சங்கம். நீ உண்மையான அமெரிக்கனா என்று கேட்கப்பட்ட மக்கள், அமெரிக்கர் அனைவரும் சொல்லும் உறுதிமொழியிலேயே தங்கள் சொல்லை நுழைத்துவிட்டார்கள். பேப் ரூத்தைக் காட்டுவதும் கென்னடியைக் காட்டுவதும் இதே வகை என்றுதான் எனக்குப் படுகிறது: பெரிய பெயர்கள் இவர்களுக்கு நற்சான்றிதழாக வேண்டியிருந்தன. அதே சங்கம் 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்புப் பரப்புரைக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததை நினைத்தால், சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த சிறுபான்மை எவ்வளவு தொலைவு நகர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது; எனக்கு அந்த நகர்வு உவப்பாக இல்லை.

முதியவரிடமிருந்து விடைபெறும் முன் அவரே ஒரு பெயரைச் சொன்னார்: மத்தேயோ கொரேயா மகயானெஸ். என் பட்டியலில் இல்லாத பெயர். மெக்சிகோவில் அரசு திருச்சபையை ஒடுக்கிய காலத்தில், கைதிகள் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும் சடங்கில்) சொன்னதை வெளியிட மறுத்ததற்காகச் சுடப்பட்ட குரு அவர். சங்க உறுப்பினர்களாயிருந்த 6 மெக்சிகோ குருக்களுக்கு 2000-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இவர் அவர்களுள் ஒருவர். சுடப்பட்ட ஆண்டு 1927. ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்த ஆண்டும் அதுவே.

சங்கத்தின் தலைமையகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெவின் ரோச் வடிவமைத்து 1969-இல் முடிந்த 23 மாடிக் கட்டடம். நான்கு மூலைகளிலும் பழுப்பு ஓடு பதித்த உருளைத் தூண்கள். எனக்கு அது நான்கு தொழிற்சாலைப் புகைபோக்கிகளைக் கட்டிப்போட்டது போல் இருந்தது. ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் மெக்கிவ்னியின் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம் என்பதை 24 டாலர் இழந்தவன் எவ்வளவு நன்றியோடு வாசித்திருப்பான் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

அங்கிருந்து வூஸ்டர் சதுக்கத்துக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. இத்தாலியக் குடியேறிகளின் பழைய பேட்டையான இங்கே நெடுங்காலம் நின்ற கொலம்பஸ் சிலை 2020 ஜூனில் அகற்றப்பட்டது. இப்போது அந்தச் சதுக்கத்தில் ஒரு குடியேறிக் குடும்பத்தின் சிலை நிற்கிறது. அமெரிக்காவின் தொடக்கத்திலேயே கத்தோலிக்கர் இருந்தார்கள் என்று நிலைநாட்டத்தான் சங்கத்தார் கொலம்பஸின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அந்தப் பெயர் சங்கத்தின் சொந்த ஊரிலேயே பீடத்திலிருந்து இறங்கிவிட்டது.

இனி சாப்பாடு. வூஸ்டர் ஸ்ட்ரீட்டில் ஃபிராங்க் பெப்பே 1925-இல் தொடங்கிய பீட்சா கடைக்கு முன்னால் 40 நிமிடம் வரிசையில் நின்றேன். பீட்சாவை இந்த ஊரில் 'அபீட்ஸ்' என்கிறார்கள். நான் கேட்டது வெள்ளை மட்டி பீட்சா: தக்காளிச் சாறு கிடையாது, மொசரெல்லா கிடையாது, மட்டிச் சதை, நசுக்கிய பூண்டு, ஒலிவ எண்ணெய், ஒரிகானோ, துருவிய பெக்கொரினோ சீஸ். அவ்வளவுதான். நிலக்கரி அடுப்பிலிருந்து வந்த அதன் விளிம்பு அங்கங்கே கருகி, நடுவில் மெல்லியதாக, கையில் எடுத்தால் எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. மட்டியின் உப்பும் பூண்டின் காரமும் கருகலின் கசப்பும் ஒன்றையொன்று அடக்காமல் நாக்கில் நின்றன. நியூயார்க்கில் ஒரு வாரமாக நின்றபடி தின்ற பீட்சாத் துண்டுகள் அனைத்தையும் அந்த நிமிடமே மறுதலித்தேன். சிறிய அளவையே வாங்கியும் 20 டாலரைத் தாண்டியது. தண்ணீர் மட்டும் குடித்தேன். கார் ஓட்டுநருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொன்று வாங்கிக் க்வீன்ஸில் எனக்கு இடம் கொடுத்திருக்கும் நண்பனுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்ற எண்ணம் கடைசித் துண்டு வரை வந்தது.

திரும்பும்போது ஸ்டேட் ஸ்ட்ரீட் நிறுத்தத்துக்கே நடந்தேன். சதுக்கத்திலிருந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த முறை கைப்பேசியிலேயே பயணச்சீட்டை முன்கூட்டி வாங்கிவிட்டேன். நெரிசல் நேரம் கழிந்த வண்டி என்பதால் கட்டணமும் குறைவு. ரூத்தின் கல்லறை ஹாத்தோர்னில் இருக்கிறது. அது வேறு தடம், தனியாக ஒரு பகல் வேண்டும். மேடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கையில் மிஞ்சியிருந்தது 3 டாலர் 40 சென்ட்.