பூனை மூஞ்சி டிராகன்

நேத்து ராத்திரி பாளையங்கோட்டைல மழ, கரண்டு போய்ப்போய் வந்துச்சு, போன்லயே 1977ல வந்த ஹாபிட் கார்ட்டூன் படத்த மறுபடி பாத்தேன் மக்கா. பின்னாடி மூணு படமா இழுத்த கதைய இவிய 77 நிமிஷத்துல முடிச்சிருக்காவ. அத்தனையும் கையால வரைஞ்சது, பின்னாடி தெரியுற மரமெல்லாம் பேப்பர்ல தண்ணிக் கலர் ஊறுன மாதிரியே இருக்கு. டிராகனுக்கு பூனை மூஞ்சி, கண்ணு ரெண்டும் லாரி ஹெட்லைட் கணக்கா குகைக்குள்ள அடிக்குது. குகைல கெடக்குற கோல்லம்ங்கிற ஜந்து அசல் தவக்களைதான், இருட்டுல உக்காந்து அது விடுகதை போடும்போது எங்க ஆச்சி திண்ணைல போட்டது ஞாபகம் வந்துட்டு, பதில் சொல்லலன்னா ஆச்சி அல்வா தரமாட்டாவ, இது ஆளையே தின்னுரும், அவ்வளவுதான் வித்தியாசம். வரைஞ்சது ஜப்பான் டாப்கிராஃப்ட், 1984ல நௌசிகாங்கிற மியாசாகி கார்ட்டூன் படம் பண்ண அதே கம்பெனி. பாட்டுதான் கொஞ்சம் ஓவரு, ஓட்டிவிட்டுட்டேன். எட்டிப்பாத்த மருமவன் "மாமா இது ஏன் இவ்ளோ மெதுவா போவுது"ங்கான். ஏல, நீ போய் படுல.