இன்றைக்கு வேண்டிய ஆகாரம்

போன வாரம் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798இல் தஞ்சையிலேயே கண்மூடிய ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ். சரபோஜி மன்னரையே பிள்ளைபோல் வளர்த்தவர், நினைத்திருந்தால் எவ்வளவோ சேர்த்திருக்கலாம். 1779இல் தூதராக ஹைதர் அலியைப் பார்க்கப் போனபோது வழிச்செலவுக்கென்று கிடைத்த பணத்தைக்கூடத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அது உறுத்தியது. மகள் கல்யாணத்துக்கு ஊர் மெச்ச வேண்டும் என்று வட்டிக்கு வாங்கிப் பெரிய மண்டபம் பிடித்தேன், அப்புறம் இரண்டு வருடம் சம்பா அறுத்த காசு வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் களத்திலிருந்தே கடன்காரருக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை வரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் ராத்திரி என் மனைவி கேட்டாள்: "ஏங்க, தினமும் ஜெபத்துல இன்னைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தானே கேக்குறோம்? அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

பதில் இல்லை என்னிடம்.

எளிமை என்றால் கஞ்சத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், சரி, அது இல்லை. நமக்குக் குறைத்தது இன்னொருவர் உலைக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் தண்ணீரில் நிற்கும்போது நடவுப் பெண்களுக்குக் கூலியே கிடையாது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் புதுத்துணி எடுக்கவில்லை. எங்கள் வயலில் நட்ட நான்கு வீட்டுக்கு அரிசி மூட்டை சொல்லியாகிவிட்டது, நாளைக்கு வண்டி வரும்.