எம்.ஃபார்ம் ஆய்வுக்கு மூலிகை எடுப்பவர்களுக்கு: எலிக்கு முன் செடி

பெங்களூரில் மருந்தியல் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், மூன்றாம் செமஸ்டரில் ஆய்வுத் தலைப்பு கேட்டதும் ஊரில் பார்த்துப் பழகிய மூலிகை ஒன்றைச் சொல்வார்கள். நான் சொன்னது கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு அரைத்து மோரில் கலந்து கொடுப்பதை வீட்டிலேயே பார்த்தவள் நான். கல்லீரல் பாதுகாப்பு பற்றி ஆய்வு செய்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வும் முடித்துவிட்டேன். ஜூனியர்கள் கேட்கும்போது முதலில் சொல்வது இதைத்தான்: எலியைத் தொடுவதற்கு முன் செடிக்கு நேரம் கொடுங்கள்.

காரணம் இருக்கிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் அது விளைந்த இடமும் வேறு என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. நம் பக்கத்து மூலிகை ஒன்று இவ்வளவு தூரம் போய் நின்றுவிட்டதே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கே.ஆர். மார்க்கெட் பக்கம் மூலிகைக் கடையில் காய்ந்த கட்டாக வாங்கினால், உள்ளே பில்லாந்தஸ் அமாரஸ், அதாவது கீழாநெல்லி, மட்டும்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. டெபிலிஸ், மதராஸ்பட்டென்சிஸ் போன்ற உறவுச் செடிகளும் கலந்து வரும். காய்ந்த பிறகு கண்ணால் பிரிப்பது கடினம். பில்லாந்தின் என்ற வேதிப்பொருளின் அளவோ இனத்துக்கு இனம் மாறும். ஆகவே பூவும் காயும் உள்ள பச்சைச் செடியை வேரோடு எடுங்கள். எடுத்த இடம், தேதி எழுதி, தாளில் அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். யெலஹங்கா பக்கம் டிடியு (டிரான்ஸ்-டிசிப்ளினரி) பல்கலைக்கழகத்தில் மருத்துவத் தாவரங்களுக்கென்றே பெரிய ஹெர்பேரியம், அதாவது காய்ந்த செடி மாதிரிகளின் காப்பகம், இருக்கிறது. வவுச்சர் எண் (அங்கே வைத்த மாதிரிச் செடியின் பதிவு எண்) இல்லாத ஆய்வை நல்ல இதழ்கள் வாங்குவதே இல்லை.

அப்புறம் சாறு எடுப்பது. எல்லோரும் சோக்ஸ்லெட் என்ற சாறு பிரிக்கும் கருவியில் எத்தனால் ஊற்றிச் சூடாக்குவார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. பில்லாந்தின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அது ஒரு நியாயமான பதில். ஆனால் வீட்டில் கொடுப்பது பச்சையாக அரைத்த விழுது. நீங்கள் சோதிப்பது அதே மருந்து அல்ல என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். சூடு சின்ன விஷயமும் அல்ல. சீன மருந்து ஆய்வாளர் து யூயூ, பழைய மருத்துவ நூலில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தபோதுதான் மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் வழிக்கு வந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. எந்த முறையில் எடுத்தாலும் சாற்றில் பில்லாந்தின் எவ்வளவு என்று எச்பிடிஎல்சி என்ற, வேதிப்பொருளைப் பிரித்து அளக்கும் முறையில் அளந்து வையுங்கள்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். குழு அடிக்கடி கூடுவதில்லை.

வைவாவில் அதிகம் மாட்டுவது டோஸ். ஏறக்குறைய எல்லா ஆய்வேட்டிலும் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்றே இருக்கும். 2000 வரை கொடுத்தும் எலி சாகவில்லை, அதில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். அது பாதுகாப்புக் கணக்கு மட்டும்தான். மனிதர் எடுக்கும் அளவிலிருந்தும் வந்து பாருங்கள். 60 கிலோ ஆள் நாளுக்கு 6 கிராம் பொடி எடுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். உடல் பரப்பளவுக் கணக்கில் எலிக்கு மாற்ற 6.2ஆல் பெருக்கினால் 620. நூறு கிராம் பொடியில் பத்து கிராம் சாறு கிடைத்தால், சாறாக 62 மில்லிகிராம். 200க்கும் 62க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இன்னொரு கேள்வியும் வரும். சாற்றைச் சோதிக்க, பாராசிட்டமாலை அதிக அளவில் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுப்பது வழக்கம். பாராசிட்டமால் கல்லீரலில் சிஒய்பி2இ1 என்சைமால் நாப்கி என்ற நச்சாக மாறித்தான் செல்லைக் கெடுக்கிறது. சாற்றை முதலில் கொடுத்துவிட்டுப் பாராசிட்டமால் கொடுத்தால், சாறு கல்லீரலைக் காத்ததா, அந்த என்சைமைத் தடுத்ததால் நச்சே உருவாகவில்லையா? பிந்திக் கொடுக்கும் ஒரு குழுவையும் திட்டத்தில் சேர்த்துவிட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

எம்.ஃபார்ம் சேர்வதற்கான ஜிபாட் தேர்வு எழுதுபவர்களுக்கும் இந்தப் படிப்பு உதவும். 125 கேள்வி, சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். செடி, குடும்பம், வேதிப்பொருள் மூன்றையும் சேர்த்தே படியுங்கள். கீழாநெல்லி முன்பு யூபோர்பியேசி, இப்போது பில்லாந்தேசி. சிறுகுறிஞ்சான் முன்பு அஸ்கிளபியடேசி, இப்போது அப்போசைனேசி. பழையது, புதியது இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால், இதே ஊரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998இல் வெளிவந்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் கூடுமா என்பது மட்டும்தான் கேள்வி. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். மனிதரில் உறிஞ்சப்படும் அளவு 2000 விழுக்காடு கூடியது. கைடிடம் போகும்போது உங்கள் கேள்வியும் இதுபோல ஒரே வரியில் இருக்கட்டும், கூடவே செடியின் சான்றும்.