ஜன்னல் கம்பியும் ஆயாவும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில், லாரித் தண்ணீர் பிடித்த ஈரம் காய்வதற்குள் ஆயா போன மாதம் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே பயம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிய கவலை. நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை மெலியும், அப்புறம் மறுபடி விழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

தெரிந்த பிசியோதெரபி அக்கா ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து, முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். முதல் நாள் பிடித்த பிடியில் ஆயாவின் விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. இப்போது கம்பியில் இரண்டு விரல்தான். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொன்றை வைத்து நிற்கும்போது மட்டும் "பக்கத்துலயே நில்லு கண்ணு" என்பார். நிற்கிறேன்.

உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சமநிலைப் பயிற்சிக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, வெறும் நடைக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து தொடங்குங்கள். தலைசுற்றல் இருந்தாலோ, பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ முதலில் டாக்டரிடம் கேளுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றே தூக்கிப் போடுங்கள்.

நேற்று ஆயா தானே படி இறங்கி வாசலில் கோலம் போட்டார். நாலு புள்ளிக் கோலம்.