நல்ல கை செய்யும் வேலை

மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை உட்காரவைத்துப் பழக்குவதுதான் பிசியோதெரபிஸ்டான என் அன்றாட வேலை. பலர் தெம்புள்ள பக்கமாகச் சாய்வார்கள். சிலர் மட்டும் நேர்மாறு. நல்ல கையைக் கட்டிலில் ஊன்றி, செயலிழந்த பக்கம் நோக்கித் தங்களையே தள்ளுவார்கள். நிமிர்த்தப் போனால் பயந்துபோய் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். இதற்குப் புஷர் சிண்ட்ரோம் என்று பெயர். 1985-இல் இதை விவரித்து எழுதிய பாட்ரிசியா டேவிஸ் ஒரு பிசியோதெரபிஸ்ட். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு பெரியவருக்கு மூளையின் ஆழத்தில் உள்ள வலது தலாமஸ் என்ற பகுதியில் கசிவு; அதனால் இடது பக்கம் விழுந்துவிட்டது. பிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். "வேணும்னே பண்றாரு சார், வீட்லயும் இதே பிடிவாதம்தான்" என்றார் மகன். அவரும் அம்மாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுக்க, பெரியவர் எதிர்ப்பக்கம் தள்ள, கட்டிலே ஒரு மல்யுத்தக் களம்.

பிடிவாதம் இல்லை. 2000-இல் ஜெர்மனியின் நரம்பியல் ஆய்வாளர் கார்நாத்தின் குழு இத்தகையவர்களைச் சாயும் நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தது. கண்ணை மூடியிருந்தபோது, உடல் சுமார் 18 டிகிரி சாய்ந்த நிலையைத்தான் அவர்கள் நேர் என்று உணர்ந்தார்கள். (எந்தப் பக்கச் சாய்வு என்பதில் பிந்தைய ஆய்வுகள் முரண்படுகின்றன.) ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்லும்போது நேர்கோட்டைச் சரியாகவே காட்டினார்கள். எங்கள் சிகிச்சைக்கு அந்தக் கண்தான் பிடி.

பெரியவர் கொத்தனாராக இருந்தவர். இழுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கதவு நிலைக்கு எதிரே உட்காரவைத்தேன்.

"ஐயா, அந்த நிலை தூக்கு சரியா இருக்கா?"

"இருக்கு."

"நீங்க?"

வெகுநேரம் பார்த்தார். "நான்தான் சாய்ஞ்சிருக்கேன் தம்பி."

அப்புறம் வலது பக்கம் எட்டி ஒரு டம்ளரை எடுக்கச் சொன்னேன். எட்டும் கையால் தள்ள முடியாதே! மகனையும் தினமும் இதையே செய்யச் சொன்னேன். இந்தத் தள்ளல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் நடை திரும்பத் தாமதமாகும் என்று சொன்னதும் அவர் முகம் இறங்கியது.

டிஸ்சார்ஜ் சம்மரிகளில் பல நேரம் 'இடது பக்கவாதம்' என்று மட்டும் இருக்கும். ஊரில் அடுத்துப் பார்க்கப்போகும் பிசியோ மறுபடி இழுக்க ஆரம்பிப்பார். அதனால் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி மகனிடம் கொடுத்தேன்: "இழுக்க வேண்டாம். கதவு நிலையைக் காட்டவும்."