பத்தாம் நம்பர்

2012 ஏப்ரல் 30, திங்கள்

ஆபீஸில் இன்று ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை. வியாழன் ராத்திரி நடந்த டிராஃப்ட் பற்றியே பேச்சு, அதாவது காலேஜ் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்கிற சடங்கு. முதல் ஆளாக ஆண்ட்ரூ லக்கை இண்டியானாபொலிஸ் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, நம்ம வாஷிங்டனுக்கு, ராபர்ட் கிரிஃபின். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் அமெரிக்கக் கால்பந்து எனக்கு அரைகுறைதான். பக்கத்து மேஜைக்காரர் முப்பது வருட ரசிகர். இனி இவரைப் பெரியவர் என்றே எழுதப்போகிறேன். அவர் காலையிலேயே கணக்குச் சொன்னார்: இந்த ஒரு பையனுக்காக ராம்ஸ் அணிக்கு நாம் கொடுத்தது மூன்று முதல் சுற்று வாய்ப்பு, ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பு. நஞ்சை, புஞ்சை, தோப்பு எல்லாவற்றையும் விற்று ஒரே ஒரு காளை வாங்கின மாதிரி.

காளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராணுவக் குடும்பம், பிறந்தது ஒக்கினாவாவில், வளர்ந்தது டெக்சஸில். 400 மீட்டர் தடை ஓட்டக்காரன். பேய்லர் பல்கலைக்கு ஆடி, காலேஜ் ஆட்டக்காரர்களில் சிறந்தவனுக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கியவன். 2009ல் வலது முழங்கால் லிகமெண்ட் ஒருமுறை அறுந்திருக்கிறது. "அதெல்லாம் காலேஜோடு போச்சு" என்றார் பெரியவர்.

சனிக்கிழமை நாலாவது சுற்றில் கர்க் கசின்ஸ் என்று, கிரிஃபின் மாதிரியே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்துவைத்தார்கள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

2012 அக்டோபர் 15, திங்கள்

நேற்று மினசோட்டாவுக்கு எதிராக கிரிஃபின் 76 யார்டு ஓடினான். இடது ஓரமாகக் கிளம்பினவனை எவனும் தொடவில்லை. கோட்டைத் தாண்டிய வேகத்தில் நேரே கூட்டத்துக்குள் பாய்ந்தான். வீட்டில் நான் போட்ட கூச்சலில், தூங்கிக்கொண்டிருந்த சின்னவள் எழுந்து அழுதாள். மகன் பெரியவன் அன்றைக்கே கிரிஃபினின் பத்தாம் நம்பர் சட்டை வேண்டும் என்று அடம்.

ஆட்டம் இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. பந்தை வாங்கியதும் கிரிஃபின் அதை, பந்தோடு ஓடுகிற வேலைக்காரனான ரன்னிங் பேக் ஆல்ஃபிரெட் மாரிஸின் வயிற்றில் வைக்கிறான், ஆனால் விடுவதில்லை. கண் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளன் மேலேயே இருக்கிறது. அவன் மாரிஸ் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு இவன் வெளியே ஓடுவான். பாயாமல் நின்றால் பந்து மாரிஸுக்கு. சடுகுடுவில் காலை நீட்டுகிற மாதிரி நீட்டி, எதிராளியை அசைய வைத்துப் பிடுங்குகிற வேலை. இந்தக் குழப்பத்தில் எதிரணியின் நடு வரிசை ஒரு அடி முன்னால் வந்துவிடும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் திறக்கிற இடத்தில் எறிவதெல்லாம் சுலபமான எறிதல்.

போன வாரம் அட்லாண்டா ஆட்டத்தில் தலையில் அடி வாங்கிப் பாதியில் வெளியேறினவன்தான் இவன். அன்று அடியைத் தவிர்க்கச் சறுக்கி உட்கார்ந்திருக்கலாம், கோட்டுக்கு வெளியே போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

2012 டிசம்பர் 10, திங்கள்

பால்டிமோர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். ஓடிப்போய் விழப்போகிற நேரத்தில் ஹலோட்டி ங்காட்டா வந்து மோத, கிரிஃபினின் வலது கால் முழங்காலுக்குக் கீழே சாட்டை மாதிரி வீசியடித்தது. வெளியே போனான். ஒரே ஒரு தடவை பந்து ஆடப்பட்டதும் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தான். மைதானமே எழுந்து கைதட்டியது. நாங்களும்தான்.

பிறகு நிற்கவே முடியாமல் போய், யாருக்கும் எதற்கென்று புரியாத அந்த கசின்ஸ் உள்ளே வந்து ஆட்டத்தைச் சமன் செய்தான். கூடுதல் நேரத்தில் 31-28 என்று ஜெயித்தோம். முழங்காலில் லிகமெண்ட் சுளுக்காம், லேசானதாம்.

2013 ஜனவரி 7, திங்கள்

நேற்று நம்ம மைதானத்தில் இருந்தேன். லேண்டோவர், மேல் அடுக்கு, கைவிரல் விறைக்கிற குளிர். எதிரே சியாட்டில், அவர்களுடைய குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனும் முதல் வருடக்காரன்தான், மூன்றாவது சுற்றில் எடுத்த பையன்.

புல்தரையைப் புல்தரை என்று சொல்லக் கூசும். நடுப்பகுதி வெறும் மண், அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. கிரிஃபின் வலது காலில் பெரிய கறுப்பு பிரேஸ். முதல் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பங்கில், 14-0 என்று முன்னால் போனோம். அந்தக் குவார்ட்டரிலேயேதான் வலது பக்கமாக ஓடி எறிகையில் அதே கால் மடங்கியது. மேலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் எறிந்த எதிலும் கால் இல்லை. தோளால் தள்ளிவிட்ட பந்துகள். ஓடவேண்டிய இடத்தில் ஒருக்களித்து நடந்தான். ஆட்டம் முழுக்க எறிந்து சேர்த்தது மொத்தம் 84 யார்டு.

நாலாவது குவார்ட்டர். 21-14 என்று பின்தங்கியிருக்கிறோம். பந்து தாழ்வாக வந்து தரையில் உருண்டது. எடுக்கக் குனிந்தான். யாரும் தொடவில்லை. வலது முழங்கால் மட்டும் உள்பக்கமாக, கதவு கீல் கழன்ற மாதிரி, தனியாகப் போனது. பந்து அவனுக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும், நீட்ட முடியவில்லை. 24-14, தோல்வி.

தன்னை வெளியே எடுக்கவேண்டாம், ஆடத் தனக்கு உரிமை இருக்கிறது என்று பையனே கேட்டுக்கொண்டதாகப் பயிற்சியாளர் ஷனஹான் ஆட்டம் முடிந்ததும் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் செய்வான், வயது 22. பால்டிமோர் ஆட்டத்தன்று அவனைப் பரிசோதிக்கத் தனக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் சொன்னது நேற்றே செய்தியாக வந்துவிட்டது. இன்று ஆளுக்கு ஆள் கை நீட்டுகிறார்கள். மூன்றாவது குவார்ட்டரில் அவன் நொண்டிக்கொண்டு வரும்போதெல்லாம் எண்பதாயிரம் பேர் கிட்டத்தட்ட எழுந்து நின்று பெயரைச் சொல்லிக் கத்தினோம். என் தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது.

2013 ஏப்ரல் 20, சனி

கிரிஃபினின் முழங்காலில் இரண்டு லிகமெண்டுக்கும் ஜனவரியிலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கே திரும்பிவிடுவேன் என்று விளம்பரத்திலேயே சொல்கிறான்.

பெரியவனை பேஸ்பாலில் சேர்த்திருக்கிறோம். இன்று முதல் வகுப்பு. மட்டையைத் தொடவே விடவில்லை. மழை பெய்து ஊறிய புல்லில் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஓடிவந்து ஒரு காலை மடக்கிச் சறுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் அதுதான். ரஸல் வில்சன் பேஸ்பாலும் ஆடினவன் என்பது அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது. அந்தப் பையன் ஓடுவதும் அதிகம், அடிபடுவதும் குறைவு.

2013 டிசம்பர் 30, திங்கள்

3 வெற்றி, 13 தோல்வி. ஷனஹானை இன்று காலை அனுப்பிவிட்டார்கள். கடைசி மூன்று ஆட்டத்துக்கு கிரிஃபினை உட்காரவைத்திருந்தார் மனிதர். காயம் வராமல் காப்பதற்காம். ஜனவரியில் எங்கே போனது இந்தக் கரிசனம்?

போன வருடம் எறிந்து சேர்த்தது 3,200 யார்டு, இந்த வருடம் 3,203. அதைப் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றும். எதிரணி பிடித்த பந்துகள் 5 என்பது 12 ஆகியிருக்கிறது. ஓடியது 815லிருந்து 489. ஓடிப்போய் அடித்த டச் டவுன் போன வருடம் ஏழு. இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. முக்கியமானது ஓட்டம்தான். இவன் ஓடமாட்டான் என்று தெரிந்ததும் ஓரத்தில் நிற்பவன் யோசிப்பதே இல்லை, நடு வரிசையும் முன்னால் வருவதில்லை. அந்தப் பழைய சுலபமான இடம் மூடிக்கொண்டது. குறுகின சந்து வழியாக எறிய இவன் இன்னும் படிக்கவில்லை. படிக்கவேண்டிய கோடையில் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

2014 நவம்பர் 18, செவ்வாய்

செப்டம்பரில் இடது கணுக்கால் மூட்டு விலகி, ஆறு ஆட்டம் போய், திரும்பிவந்து இரண்டே ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை டாம்பா பேயிடம் 27-7. புதுப் பயிற்சியாளர் ஜே க்ரூடன் நேற்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் பையனின் பாதத்தைப் பற்றிப் பாடமே நடத்திவிட்டார். ஐந்து எட்டு வைத்துப் பின்வாங்கவேண்டிய இடத்தில் மூன்றே எட்டு வைக்கிறானாம். மூன்று வைக்கவேண்டிய இடத்தில் ஒன்று.

சொன்னது நிஜம். சபையில் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வருடத்தில் அ, ஆ கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறதென்றால் முதல் வருடம் ஏன் யாரும் கேட்கவில்லை? ஜெயித்துக்கொண்டிருந்தான், அதனால் கேட்கவில்லை.

பெரியவர் வேறு மாதிரி பேசுகிறார். பையனுக்குத் தலைக்கனம், விளம்பரம் ஜாஸ்தி, எல்லாப் பக்கமும் பேட்டி, முதலாளியின் செல்லப்பிள்ளை என்கிறார். இருக்கலாம். 2012ல் இதே பேட்டிகளை வெட்டி மேஜையில் ஒட்டிவைத்திருந்தவரும் இவர்தான்.

2014 டிசம்பர் 8, திங்கள்

நேற்று ராம்ஸ் வந்தார்கள். டாஸ் போடும்போது கேப்டன்கள் என்று ஆறு பேர் நடந்து வந்தார்கள். ஆறு பேரும் கிரிஃபினுக்காக நாம் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளால் அவர்களுக்குக் கிடைத்தவர்கள். விற்ற நிலத்தில் விளைந்த நெல்லை நம் வாசலிலேயே கொண்டுவந்து காயவைத்த மாதிரி. 24-0.

கிரிஃபின் பெஞ்சில் இருந்தான். கேமரா ஒருமுறை காட்டியது. சேனலை மாற்றினேன்.

2015 நவம்பர் 2, திங்கள்

ஆகஸ்ட் கடைசியிலேயே கசின்ஸ்தான் முதல் ஆள் என்று அறிவித்துவிட்டார்கள். கிரிஃபின் மூன்றாவது. ஒப்பந்தத்தின் அடுத்த வருடச் சம்பளம் 16 மில்லியன் டாலருக்கு மேல். இவன் பலமாக அடிபட்டால் அது கட்டாயமாகிவிடும். ஆகவே ஆட்டத்துக்கே இறக்குவதில்லை. வாரம்தோறும் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கிறான். முழங்கால் கெட்டிருந்தபோது வெளியே எடுக்கவில்லை. இப்போது கால் நன்றாக இருக்கிறது, உள்ளே விடுவதில்லை.

2016 மார்ச் 8, செவ்வாய்

நேற்று விடுவித்துவிட்டார்கள். வயது 26.

பத்தாம் நம்பர் சட்டை பெரியவனுக்குப் போன வருடமே பிடிக்காமல் போய், சின்னவள் ராத்திரிச் சட்டையாகப் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு அது யார் சட்டை என்றே தெரியாது. பெரியவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவன் சறுக்கவே மாட்டானேப்பா" என்றான், டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

2016 ஏப்ரல் 15, வெள்ளி

கிரிஃபினை க்ளீவ்லண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. நல்லபடியாக ஆடட்டும்.

இன்றைய பேச்சு அதுவல்ல. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோன அதே ராம்ஸ், இந்த டிராஃப்டின் முதல் இடத்தை டென்னஸியிடமிருந்து நேற்று வாங்கியிருக்கிறார்கள், ஒரு குவார்ட்டர்பேக்குக்காக. பையன் யார் என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார்: இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, இரண்டு மூன்றாம் சுற்று.